பன்னிரண்டாவது ஆணி

குழிக்குள் குந்தியிருக்கிறவனுக்கு வானம் மட்டும்தான் தெரியும். சுடுகிறவர் அவன் முதுகுக்குப் பின்னால் எங்கோ நிற்பார். அவர் போடுகிற சத்தம் கேட்டவுடன் கயிற்றை இழுக்க வேண்டும். மெசினின் இரும்புக் கை சுழன்று தட்டை வீசும். தட்டு கடல் பக்கமாக எழும்பும். பிறகு வெடி. பட்டால் வானத்தில் ஒரு கைப்பிடி கரித்தூள். படாவிட்டால் தட்டு தன்பாட்டில் போய்க் காரைப் பற்றைக்குள் இறங்கிவிடும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து, கஞ்சி போட்ட சேட்டோடு குழிக்குள் இறங்கியிருந்தேன்.

"விடு!"

காசிம் ஹாஜியாரின் குரல். முதல் இரண்டு தட்டும் பற்றைக்குள் போயிருந்தன. இழுத்தேன். வெடி. கரித்தூள்.

"விடு!"

மறுபடியும் கரித்தூள். மறுபடியும். எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. ஹாஜியார் கிண்ணியாவில் அரிசி மில் வைத்திருந்தவர். எங்கள் கிளப்பின் சூரர். அவர் மேல் எனக்கிருந்த எரிச்சல் பழையது, நன்றாக ஊறியது. ஆனால் அன்றைக்கு ஒன்று வித்தியாசமாக இருந்தது. வழக்கமாக ஹாஜியார் தட்டு குழியை விட்டு வெளிக்கிட்ட கையோடு அடித்து நொறுக்கிவிடுவார், படலையிலேயே பிள்ளையைப் பிடித்துச் சாத்துகிற தகப்பன் மாதிரி. அன்றைக்கோ தட்டை மேலே போகவிட்டு, இன்னும் மேலே போகவிட்டு, அது உச்சியில் ஒரு மூச்சு நேரம் நிற்குமே, அந்த மூச்சில் வைத்து வெடி விழுந்தது.

'மனிசன் இன்றைக்கு விளையாட்டுக் காட்டுகிறார்' என்று நினைத்தேன்.

தட்டுகள் முடிந்தன. சிவப்புக் கொடியை உயர்த்திக் காட்டிவிட்டு மேலே ஏறினேன். குழியிலிருப்பவன் கொடி காட்டினால் சுடுவதை நிறுத்தித் துவக்கை மடித்துவிட வேண்டும் என்பது சட்டம்.

ஹாஜியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துவக்கு அவர் கையில் இல்லை. அவருக்குப் பக்கத்தில், முந்தானையை இடுப்பில் செருகியபடி, தோளைத் தடவிக்கொண்டு நின்ற ஆளிடம் இருந்தது.

அந்த ஆள் என் மனைவி றோசலின்.

"இஞ்சேருங்கோ, தோள் குத்துது" என்றாள். "இது நெடுக இப்பிடித்தானோ?"

"தம்பி!" ஹாஜியார் கத்தினார். "ஏழு தட்டுக்கு அஞ்சு! மொதல் ரெண்டும் துவக்கப் புடிக்கப் பழகினது, அதக் கணக்கெடுக்காதீங்க. சத்தம் போட வெக்கப்பட்டா, அதுதான் நான் தங்கச்சிக்காகக் கூப்பிட்டன்."

எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத ஆசைதான். வாசகர்கள் நல்லவர்கள், நம்பியும்விடுவீர்கள். ஆனால் நெஞ்சுக்குள் வந்தது வேறு.

ஆணிக் கணக்கு

எங்கள் கிளப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சலின் நியாயம் உங்களுக்குப் பிடிபடாது.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது சாமான் சக்கட்டு எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றியது. நகரத்துக்கு வெளியே கடலோரத்து வெளி ஒன்றில் ஒரு குழியையும், அதற்குள் தட்டு எறிகிற ஒரு மெசினையும், பக்கத்தில் ஒரு மரக் கொட்டிலையும் மட்டும் மறந்துபோனது. அல்லது மெசினின் துருவைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே மறந்தது.

அதைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கிளப் ஆக்கியவர் டொக்டர் இம்மானுவேல். அவர்தான் தலைவர். சம்பளத்துக்கு ஒருவரும் கிடையாது. புல்லு வெட்டுவது, குழிக்குள் இறங்குவது, உடையாத தட்டுகளைப் பற்றைக்குள் தேடிப் பொறுக்குவது எல்லாம் அங்கத்தவர்களின் பாடு. தட்டு என்பது சுண்ணாம்பும் தாரும் கலந்து வார்த்த கறுப்புச் சாமான். ஒரு தேத்தண்ணிச் சோசரைக் கவிழ்த்து வைத்த அளவு இருக்கும்.

எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டு வருகிற மனுசிக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. "கோட்டைக்குள்ள மான் நிக்குது, குடாவுக்குள்ள மீன் நிக்குது. நீங்கள் படிச்ச மனிசர் போய்ப் பீங்கானைச் சுடுறியள்" என்பாள்.

கொட்டிலுக்குள் முதிரைப் பலகைச் சுவர் ஒன்று இருந்தது. அதில் வரிசையாகப் பன்னிரண்டு ஆணி. கடற்படைக்காரர் தொப்பி மாட்டியவை. டொக்டர் முதல் கூட்டத்தில் அந்த ஆணிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, அங்கத்தவர் தொகை பன்னிரண்டு என்று தீர்மானித்தார். ஒவ்வொரு ஆணிக்குக் கீழும் வெள்ளைப் பெயின்ரால் ஒரு பெயர். அந்த ஆணியில் உங்கள் தோட்டாப் பையை மாட்டினால் நீங்கள் அங்கத்தவர். மாட்ட இடமில்லாவிட்டால் நீங்கள் 'தற்காலிகம்'.

நான் தற்காலிகம். இரண்டு வருடமாக.

ஒருமுறை கூட்டத்தில் எழும்பி, "பதின்மூண்டாவது ஆணி ஒண்டு அடிச்சால் என்ன, டொக்டர்?" என்று கேட்டேன்.

டொக்டர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "மிஸ்டர் சவரிமுத்து, எங்கட ஆண்டவர் பன்னிரண்டு பேரோட நிப்பாட்டினவர். அதிலயே ஒராள் பிழைச்சுப் போச்சு."

அதற்கு மேல் ஒரு கத்தோலிக்கன் என்ன கதைப்பது?

என் தோட்டாப் பை வாசல் வேப்ப மரக் கிளையில்தான் தொங்கும். எறும்பு ஏறும். மற்றவர்கள் பையை ஆணியில் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதையும் அவர்கள் லேசாகச் செய்துவிட முடியாது. நெட்டை வெள்ளைக்காரர் அடித்த ஆணிகள் அல்லவா, அதன் உயரம் அப்படி. டொக்டர் தன் கைத்தடியின் நுனியில் பையைக் கொளுவித்தான் ஏற்றுவார். ஹாஜியார் முக்காலியில் ஏறுவார். எட்டி மாட்டக்கூடிய ஒரே ஆள் நான். பள்ளிக்கூடத்திலேயே எனக்குக் 'கொக்கத்தடி' என்று பெயர். மாங்காய் பறிக்கிற நீளம் இருந்தது, மாட்டுவதற்கு ஆணிதான் இல்லை.

பொறாமையில் நான் பெற்ற பயிற்சி

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசித்து வருகிறவர்களுக்கு என் பொறாமைகள் பழக்கமானவை. என்றாலும் ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

சின்ன வயதில் அண்ணனுக்குக் கூவைக்கட்டு வந்தது. தாடை இரண்டும் வீங்கி, பள்ளிக்கூடம் போகாமல், கட்டிலில் கிடந்து சோடா குடித்தான். கேட்டதெல்லாம் கிடைத்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அவன் குடித்த கிளாசில் குடித்தேன், அவன் தலையணையில் படுத்தேன், அவன் கடித்த பிஸ்கட்டைக் கடித்தேன். எனக்கும் அந்த வருத்தம் வந்தது. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய அன்றைக்குக் காலையில் வந்தது. விடுமுறை முடிகிற அன்றைக்குச் சுகமானது. சோடாவும் இல்லை, கடையில் முடிந்துபோயிருந்தது.

இவ்வளவு பட்டும் அந்தக் குணம் போகவில்லை. துறைமுகக் களஞ்சியக் கந்தோரில் பக்கத்து மேசைக்காரரின் மின்விசிறி மேல் பொறாமை. அடுத்த வீட்டு முருங்கை காய்த்தால் பொறாமை. கிளப்பில் சேர்ந்ததே, ஹாஜியார் துவக்கும் தோளுமாகப் பெரிய கடை வீதியால் போனதைப் பார்த்த பொறாமையில்தான்.

ஆனால் இவையெல்லாம் வெளியாட்கள் மேல் வந்த பொறாமை. பகல் முழுவதும் எரிந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ஆறிவிடும். இப்போது வந்ததோ வீட்டுக்குள்ளேயே இருந்து, எனக்குச் சோறும் போட்டது.

குசினிக்குள் ஒரு விசாரணை

அந்த ஞாயிறு மத்தியானம் பாரை மீன் பொரியல். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

"ஏன் கதைக்கிறீங்கள் இல்லை?"

"ஆர் கதைக்கேல்லை? சாப்பிடுறன்."

"முள்ளோட சாப்பிடுறீங்கள்."

முள்ளைத் துப்பினேன். பிறகு, சும்மா கேட்பது போலக் கேட்டேன்: "அது சரி, நீர் எப்பிடிச் சுட்டனீர்?"

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டொக்டர் எனக்கு வரைபடம் கீறிக் காட்டியிருந்தார். தட்டுக்கு எத்தனை முழம் முன்னால் குறி வைப்பது, இடுப்பை எப்படித் திருப்புவது, இடது கால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று எல்லாம் பாடமாக்கியிருந்தேன். கண்ணாடிக்கு முன்னால் விளக்குமாற்றை வைத்துப் பழகியிருந்தேன். இந்த ஆயத்தங்களோடு நான் பத்துத் தட்டுக்கு இரண்டு உடைப்பேன். காற்று என் பக்கம் இருந்தால் மூன்று.

"எப்பிடியெண்டால்?" என்றாள் றோசலின். "தட்டைப் பாத்தன். சுட்டன்."

"அவ்வளவுதானோ?"

"வேற என்ன இருக்கு?"

வெருகல் பக்கத்துப் பெண், சின்ன வயதில் வயலில் கிளி கலைத்திருப்பாள், கவண் எறிந்திருப்பாள் என்று ஒரு சமாதானம் தேடினேன். கேட்டும் பார்த்தேன். அவளுடைய தகப்பன் வெருகலில் தபால் கந்தோர் உத்தியோகத்தர். அவள் வாழ்க்கையில் எறிந்த ஒரே சாமான், பூனைக்கு ஒரு அகப்பை. அதுவும் படவில்லை.

இதுதான் என்னைக் கொன்றது. பழகி வென்றால் சகிக்கலாம். இவளுக்குச் சும்மா வந்திருந்தது.

"நான் ஒண்டு சொன்னால் கோவிக்கக் கூடாது" என்றாள், கறிச்சட்டியைக் கழுவியபடி.

"சொல்லும்."

"நீங்கள் தட்டைப் பாக்கிறேல்லை. உங்களை ஆர் பாக்கினம் எண்டுதான் பாக்கிறீங்கள்."

நான் கோபிக்கவில்லை. அன்று பின்னேரம் வரைக்கும் ஒருவரோடும் கதைக்கவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கந்தோருக்குப் போனால் செய்தி எனக்கு முன்னமே போயிருந்தது. பெரிய கிளாக்கர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "காணும், உம்மட மனிசி குறி தப்பாமல் சுடுறாவாம். இனிமேல் நேரத்துக்கு வீட்டை போம்."

அந்தக் கந்தோரில் அதற்குப் பிறகு வேலை நடந்ததாக எனக்கு நினைவில்லை.

காலியான இடம்

அந்த நேரம் பார்த்து வங்கிக்கார அங்கத்தவர் ஒருவர் மாற்றலாகி மாத்தறைக்குப் போனார். பன்னிரண்டாவது ஆணி காலியானது. டொக்டர் அதற்குக் கீழே இருந்த பெயரைச் சவரக் கத்தியால் சுரண்டிவிட்டார். அந்தச் சுரண்டிய இடத்தில் என் பெயர் எத்தனை எழுத்துக் கொள்ளும் என்று விரலால் அளந்து பார்த்தேன். கொஞ்சம் நெருக்கி எழுதினால் கொள்ளும்.

தேத்தண்ணி நேரம். எங்கள் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணி அங்கத்தவர்களின் மனைவிமாரின் முறை. தற்காலிகத்தின் மனைவிக்கு மட்டும் முறை இல்லை, எல்லா ஞாயிறும் அவள்தான். றோசலின் கிளாசுகளை நீட்டிக்கொண்டு வந்தாள். ஹாஜியார் கிண்ணியாவிலிருந்து பாதைப் படகு ஏறிக் கொண்டு வந்த எருமைத் தயிர் முட்டியைத் திறந்தபடி சொன்னார்:

"டொக்டர், நான் தங்கச்சிட பேர முன்மொழியிறன்."

கொட்டிலுக்குள் ஒருவர் மட்டும் இருமினார். அது நான்.

டொக்டர் அலுமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து வாசித்தார். "'இப்பகுதியில் வசிக்கும், வயது வந்த, நற்குணமுள்ள எவரும்...' பொம்பிளை கூடாதெண்டு இல்லை."

"நற்குணம் எண்டதில எங்கட தம்பிதான் சந்தேகம்" என்றார் ஹாஜியார். "தங்கச்சிக்கு ஒரு சந்தேகமும் இல்ல."

"எனக்கு ஆணி ஒண்டும் வேண்டாம்" என்றாள் றோசலின். "அவர் ரெண்டு வரியமா நிக்கிறார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதுதான் விபத்து. என்னை ஆட்கள் பார்த்தால் நான் நானாக இருப்பதில்லை. வாய் தன்பாட்டில் திறந்தது:

"ஏன் வேண்டாம்? ரெண்டு பேரும் போட்டி போடுவம். நல்லாச் சுடுற ஆளுக்கு ஆணி. என்ன பயம்?"

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளுக்குள் இருந்தவன் தலையில் தட்டிக்கொண்டான்.

வீட்டுக்கு நடந்து போகையில் றோசலின் கேட்டாள்: "உண்மையாத்தான் சொன்னனீங்களோ?"

"ஓம்."

"பிறகு முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு திரியக் கூடாது."

"நானோ? என்ன கதை இது!"

கச்சான் காற்று வீசிய காலை

போட்டி நாளில் கச்சான் காற்று. மேற்கேயிருந்து வேகு வேகென்று அடிக்கிற வறண்ட காற்று. வாய்க்குள் மண் கரகரத்தது. சும்மா பார்க்க வந்தவர்களே ஐம்பது பேர் இருப்பார்கள். மீன் மனுசியும் கூடையோடு வந்து ஒரு பக்கம் குந்தியிருந்தாள், பீங்கான் உடைவதைப் பார்க்க.

எங்கள் கிளப்பில் ஒரு முறை உண்டு. போட்டியென்றால், சுடுகிறவருக்கு அவருடைய எதிராளிதான் குழிக்குள் இருந்து தட்டு விட வேண்டும். வேறு ஆளை இறக்கக் கூடாது. "எதிராளியின்ர கையை நம்ப ஏலாதவன் இந்தக் கிளப்புக்கு வேண்டாம்" என்பார் டொக்டர். நம்பிக்கைதான் முழுச் சட்டமும். ஏனென்றால் மெசினில் சுருள்வில்லை மாட்டுவதற்கு மூன்று கொளுக்கிகள் உண்டு. முதலாம் கொளுக்கியில் மாட்டினால் தட்டு கொட்டாவி விட்டுக்கொண்டு மெதுவாக எழும்பும். அது துவக்கே பிடிக்காத ஆட்களுக்கு. மூன்றாம் கொளுக்கியில் மாட்டினால் தட்டு சீறிக்கொண்டு போகும், போட்டிக்கு அதுதான். எந்தக் கொளுக்கி என்று குழிக்குள் இருக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

பத்துப் பத்துத் தட்டு. முதலில் நான். றோசலின் குழிக்குள் இறங்கினாள்.

நான் துவக்கைத் தூக்கி, கடற்படைக்காரர் மாதிரி, இழு என்பதை இங்கிலீசில் "புல்!" என்று கூவினேன்.

தட்டு வந்தது. அன்றைக்கு எனக்கு என்ன நடந்ததென்று தெரியவில்லை. தட்டு அந்தரத்தில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது. 'வா, சவரிமுத்து, ஆறுதலாகக் குறி பார்' என்றது. சுட்டேன். கரித்தூள்! அடுத்தது தவறியது. அதற்கடுத்தது கரித்தூள்! கண்கள் இப்படித் தெளிவாக இருந்ததே இல்லை. டொக்டரின் வரைபடம் இறுதியில் வேலை செய்கிறது என்று நினைத்தேன். கச்சான் காற்றும் எனக்குச் சாதகம் என்று நினைத்தேன். நான் பிறவியிலேயே சூரன், இவ்வளவு காலமும் வெட்கத்தில் மறைத்து வைத்திருந்தேன் என்றுகூட நினைத்தேன்.

பத்துக்கு ஆறு. என் வாழ்க்கையின் உச்சம். மீன் மனுசி குரவை போட்டாள்.

ஹாஜியார் என் முதுகில் அறைந்தார். "தம்பி! இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

றோசலின் குழியிலிருந்து ஏறி வந்தாள். தலைமயிரெல்லாம் மண். "நல்லாச் சுட்டீங்கள்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவளுக்குப் பொறாமையாக்கும் என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

மூன்றாம் கொளுக்கி

குழிக்குள் இறங்கினேன். தட்டை வைக்கக் குனிந்தபோது கண்ணில் பட்டது. வில்லு முதலாம் கொளுக்கியில் மாட்டியிருந்தது.

தட்டு எனக்காக நின்றதன் ரகசியம் விளங்கியது. என் பிறவிச் சூரத்தனம் ஒரு இரும்புக் கொளுக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வில்லை இழுத்து மூன்றாம் கொளுக்கியில் மாட்டினேன். சட்டம் சட்டம்தான். அதோடு, 'இனிச் சுடு பார்ப்போம்' என்ற எண்ணமும் இருந்தது, ஏன் மறைப்பான்.

"விடுங்கோ!"

மேலே சிரிப்புக் கேட்டது. குழிக்குள் இருக்கிறவனை ஒருவரும் மரியாதையாகக் கூப்பிட்ட சரித்திரம் கிளப்பில் இல்லை. இழுத்தேன். தட்டு சீறியது, உச்சிக்குப் போனது, நின்றது, இறங்கத் தொடங்கியது. வெடி. தட்டு அப்படியே பற்றைக்குள் போனது.

இரண்டாவது: அதே மாதிரி. மூன்றாவது: அதே மாதிரி.

வாசகர்களே, உலகத்தில் சுடுகிறவர்களைப் பற்றி அறிந்தவர்கள் பலர் உண்டு. தவறுவதைப் பற்றி என்னளவு அறிந்தவர்கள் இல்லை. அந்த விஷயத்தில் நான் பேராசிரியர். உண்மையாகத் தவறுகிறவன் விதம்விதமாகத் தவறுவான்: ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று முந்தி, ஒன்று பிந்தி, ஒன்று பக்கத்து மாகாணத்தில். ஒரே மாதிரி இரண்டு தடவை தவறுவதற்கு அவனுக்குத் திறமை போதாது. இவளோ தட்டு உச்சியில் நின்ற அந்த மூச்சை வேண்டுமென்று போகவிட்டு, பிறகு, அதே அளவு பிந்தி, மூன்று முறையும் ஒரே இடத்தில் தவறினாள்.

ஆணி என் கைக்கு வந்துகொண்டிருந்தது. பேசாமல் இருந்தால் போதும். பெயின்ர் டப்பா கொட்டிலுக்குள் திறந்தே இருந்தது.

ஆனால் பேசாமல் இருக்க ஏலவில்லை. எனக்கு வேண்டியது ஆணி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது அவளிடமிருந்த அந்தச் சாமான் வேண்டும், தட்டு நிற்கிற மூச்சு தெரிகிற அந்தக் கண் வேண்டும். அதை அவள் தூக்கிக் குப்பையில் போடுகிறாள், அதுவும் எனக்காக! சோடா குடிக்கிற அண்ணனாவது சோடாவைக் குடித்தான். இவள் என் கண் முன்னால் ஊற்றுகிறாள்.

சிவப்புக் கொடியைத் தூக்கினேன்.

ஐம்பது பேருக்கு முன்னால் ஒரு குடும்பக் கதை

துவக்கை மடித்துக்கொண்டு நின்றவளிடம் நேரே போனேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் சண்டை பிடித்தோம்.

"என்ன செய்யிறீர்?"

"சுடுறன்."

"வேணுமெண்டு தவற விடுறீர்."

"காத்து."

"காத்தோ? வில்லையும் காத்தோ மாட்டினது?"

சிரிப்பு அவள் முகத்தை விட்டுப் போனது. "மெல்லக் கதையுங்கோ."

"ஏன் இப்பிடிச் செய்தனீர்?"

"உங்களுக்கு அந்த ஆணி வேணும்தானே? ரெண்டு வரியமா நித்திரையிலயும் அந்தக் கதைதானே? கொண்டு போங்கோ. எனக்கு வீட்டில சிரிச்ச முகம் போதும்."

"உமக்கு வேண்டாமோ? உண்மையைச் சொல்லும்."

அவள் கடல் பக்கம் பார்த்தாள். சொல்ல மனமில்லாமல் சொன்னாள்: "வேணும். கலியாணம் கட்டின நாள் தொட்டு ஆருக்கோ தேத்தண்ணி ஊத்துறன். அந்தத் தட்டு உடையேக்க... அது நான் உடைச்சது. வேற ஒருத்தருக்காகவும் இல்லை."

என் வாய்க்கு வந்தது இதுதான்:

"அப்ப ஒழுங்காச் சுடும். நீர் தந்த ஆணியில நான் பையை மாட்டினால், ஒவ்வொரு ஞாயிறும் அது என்னைப் பாத்துச் சிரிக்கும்."

"நான் வெண்டால் நீங்கள் முகத்தைத் தூக்கி வச்சிருப்பீங்கள்."

"வச்சிருப்பன். ஒரு மாசம் வச்சிருப்பன். அது என்ர உரிமை. அதுக்காக எனக்குப் பிச்சை போடாதையும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் நீளம் என்பதால் அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு முந்தானையை இன்னும் இறுக்கிச் செருகினாள்.

"போய்க் குழிக்குள்ள இருங்கோ."

இருந்தேன். மூன்றாம் கொளுக்கி. கச்சான் காற்று.

"விடுங்கோ!"

தட்டு உச்சிக்குப் போய் நின்றது. கரித்தூள். அந்தத் தூள் காற்றில் கடல் பக்கம் போய் முடிவதற்குள் அடுத்த சத்தம். கரித்தூள். மிச்சம் இருந்த ஐந்தும் அப்படியே போயின. குழிக்குள் இருந்து பார்த்தேன். பொறாமையில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பொறாமைதான். மண்ணும் கொஞ்சம் விழுந்திருக்கலாம்.

ஏழு. எனக்கு ஆறு.

மேலே ஏறியபோது என்னைத்தான் முதலில் கட்டிப்பிடித்தார்கள். நாங்கள் கதைத்தது ஒருவருக்கும் கேட்கவில்லை. துவண்டுபோன மனைவிக்குத் தைரியம் சொல்லித் தன் ஆணியையே விட்டுக் கொடுத்த உத்தமன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். டொக்டர் கை குலுக்கி, "மிஸ்டர் சவரிமுத்து, இதுதான் ஸ்போட்ஸ்மன்" என்றார். அடுத்த ஞாயிறு சுவாமி பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், தன்னலமில்லாத ஒரு கணவனைப் பற்றிச் சொன்னார். கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. றோசலினுக்குப் பூசை முடியும் வரைக்கும் இருமல்.

என் வாழ்நாளில் கிடைத்த ஒரே புகழ் அது. அதுவும் வயிற்றெரிச்சலுக்குக் கிடைத்தது.

எட்டுகிற உயரம்

ஆணிக்குக் கீழே அவள் பெயரை டொக்டரே எழுதினார். நெருக்க வேண்டியிருக்கவில்லை, தாராளமாகக் கொண்டது.

பிறகு எல்லோரும் கை தட்ட, றோசலின் தன் தோட்டாப் பையை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனாள். கையை நீட்டினாள். எட்டவில்லை. பெருவிரலில் ஏறி நின்றாள். எட்டவில்லை. முக்காலியில் ஏறச் சீலை விடவில்லை.

"அட, இத யோசிக்கல்லியே" என்றார் ஹாஜியார். "ஒண்டும் பறவாயில்ல. முதிர எண்டாலும் துளை போடலாம். என்ட மில்லில இருந்து ஆள் கூட்டி வாறன். தங்கச்சிட உயரத்துக்கு இறக்கி அடிப்பம்."

"நல்ல யோசனை" என்றார் டொக்டர்.

"வேண்டாம்" என்றாள் றோசலின். "அது அங்கயே இருக்கட்டும்."

திரும்பிப் பையை என்னிடம் நீட்டினாள். நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். ஒரு மாதத்தில் அது முதலாவது கிழமை. அந்த முகத்தோடேயே கையை உயர்த்தி மாட்டினேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் எல்லாம் அதுதான் நடந்தது. அவள் பையை நீட்டுவாள். நான் மாட்டுவேன். சுட்டு முடிந்து வந்தால் எடுத்துக் கொடுப்பேன். என் பை வேப்ப மரத்தில், எறும்பு வழக்கம்போல. அங்கத்தவரின் குடும்பத்தார் என்ற முறையில் தேத்தண்ணியும் என் பொறுப்புக்கு வந்தது. சாயம் கூடிப்போச்சு என்று ஹாஜியார் மட்டும்தான் முகத்துக்கு நேரே சொன்னார்.

ஒருநாள் வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன்: "ஹாஜியார் இறக்கி அடிச்சுத் தாறன் எண்டவர்தானே. ஏன் வேண்டாமெண்டனீர்?"

அவள் துவக்கைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பெரிய கடை வீதி முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒருவரையும் பார்க்கவில்லை.

"நீங்களும் கிழமைக்கு ஒண்டையெண்டாலும் தவறாமல் எட்டட்டும் எண்டுதான்."